வாசலில் ஓர் அமானிதம்: கொள்ளை நோய்க் காலப் பயண விதிகளும் நமது வரலாறும்





2020ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி, உம்ராவுக்காகவும் மஸ்ஜிதுந் நபவியின் ஸியாரத்துக்காகவும் வெளிநாட்டவர் வருவதைச் சவூதி அரேபிய அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்தியது. மார்ச் 4ஆம் திகதி உள்நாட்டவருக்கும் உம்ரா நிறுத்தப்பட்டது. மறுநாள் கிருமிநீக்கத்துக்காக மதாப் வெறுமையாக்கப்பட்டு, தவாப் செய்வோர் இன்றிக் கஃபா தனித்து நின்ற காட்சியைக் கண்டு கலங்காத முஃமின் இல்லை. மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட் 19 ஓர் உலகளாவிய பெருந்தொற்று என அறிவித்தது. சில தினங்களுக்குள் பூமியெங்கும் விமான நிலையங்களின் வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நமது கட்டுநாயக்க விமான நிலையமும் வருகின்ற பயணிகளுக்கு மூடப்பட்டது.

அவ்வேளையில் நமது சமூகத்தில் இரு விதமான பேச்சுக்கள் எழுந்தன. “அல்லாஹ்வின் வீட்டை மூட மனிதனுக்கு என்ன அதிகாரம்?” என்றனர் சிலர். “நோய்க்குப் பயந்து வாசலை அடைப்பது மேற்கத்தேயர் நமக்குக் கற்றுத் தந்த பழக்கம்” என்றனர் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களும் வரலாற்றை அறியாமையால் பிறந்தவை. கொள்ளை நோய்க் காலத்தில் பயணியை வாசலில் நிறுத்தும் விதி நமக்கு அந்நியமானதன்று. ஆயினும் அந்த விதி நீதியாகவும் ஆகலாம், அநீதியாகவும் ஆகலாம். எப்போது நீதியாகும், எப்போது அநீதியாகும் என்பதை வரலாற்றின் ஒளியில் நோக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

திருப்பி அனுப்பப்பட்ட பயணி

ஸகீப் கோத்திரத்தின் தூதுக்குழு நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்வதற்காக வந்தது. அக்குழுவில் குஷ்ட நோயாளி ஒருவரும் இருந்தார். அண்ணலார் (ஸல்) அவர்கள் அவருக்கு ஆளனுப்பி, அவருடைய பைஅத் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்றும் அவர் திரும்பிச் செல்லலாம் என்றும் அறிவித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்தச் சிறு நிகழ்ச்சியைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். அம்மனிதர் கூட்டத்தினுள் வரவில்லை. ஆனால் எதற்காக அவர் அவ்வளவு தூரம் பயணம் செய்து வந்தாரோ, அது அவருக்குக் கிடைத்துவிட்டது. மக்களின் ஆரோக்கியமும் காக்கப்பட்டது. நோயாளியின் கண்ணியமும் காக்கப்பட்டது. பிற்காலத்தில் வந்த எத்தனையோ சட்டங்கள் இவ்விரண்டில் ஒன்றைக் காத்து மற்றொன்றைக் கைவிட்டன.

ஸர்ஃகில் நடந்த மஷூரா

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 639இல், ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளை நோய் பரவியது. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஷாமை நோக்கிப் புறப்பட்டு ஸர்ஃக் எனும் இடத்தை அடைந்தபோது, படைத்தளபதி அபூ உபைதா (ரழி) அவர்களும் ஏனைய தளபதிகளும் எதிர்கொண்டு வந்து நோயைப் பற்றி அறிவித்தனர். கலீபா அவர்கள் தாமாக முடிவு செய்யவில்லை. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள்; அவர்களிடையே கருத்து வேறுபட்டது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அவர்களும் அவ்வாறே வேறுபட்டனர். பின்னர் குறைஷிகளின் மூத்தோரை அழைத்தார்கள். மக்களை நோயின் வாய்க்குள் கொண்டு செல்லாமல் திரும்பிவிட வேண்டும் என அவர்கள் ஒருமுகமாகக் கூறினர்.

அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகின்றீர்கள் என அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பால் செல்கின்றோம் என்ற கருத்தில் உமர் (ரழி) அவர்கள் பதிலளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு புறம் பசுமையாகவும் மறுபுறம் வறண்டும் இருந்தால், ஒட்டகங்களை எப்புறத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படியே அல்லவா என்றும் எடுத்துக்காட்டினார்கள். அதன் பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து, தாம் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதை அறிவித்தார்கள். கொள்ளை நோய் உள்ள ஊருக்குள் செல்லலாகாது. இருக்கும் ஊரில் நோய் ஏற்பட்டால் அதற்கு அஞ்சி வெளியேறவும் கூடாது என்பதே அந்த ஹதீஸின் கருத்தாகும். கலீபா அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

இங்கு மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, முடிவு மஷூராவின் மூலம் எடுக்கப்பட்டது. இரண்டாவது, அந்தத் தடை கலீபாவையே முதலில் கட்டுப்படுத்தியது. மூன்றாவது, ஹதீஸின் கட்டளை உள்ளே வருபவருக்கும் வெளியே செல்பவருக்கும் பொதுவாகவே அமைந்தது. அபூ உபைதா (ரழி), முஆத் இப்னு ஜபல் (ரழி) போன்ற மாபெரும் ஸஹாபாக்கள் அந்த நோயிலேயே வபாத்தானார்கள். வாசல் அடைக்கப்பட்டபோது உள்ளே இருந்தவர்கள் செய்த தியாகம் அது.

கமரான் தீவின் நாட்கள்

பயணிகளைக் குறித்த காலம் தடுத்து வைக்கும் சட்டம் ஐரோப்பாவில் 1377ஆம் ஆண்டு ரகுசா துறைமுகத்தில் இயற்றப்பட்டது. அத்துறைமுகம் இன்று துப்ரோவ்னிக் என அழைக்கப்படுகிறது. அங்கு முதலில் 30 நாட்கள் விதிக்கப்பட்டன. பின்னர் அது 40 நாட்களாகியது. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரன்டைன்’ எனும் பெயர் உண்டாயிற்று.

இச்சட்டம் ஹஜ் பயணிகளை நேரடியாகத் தொட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாகும். 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது வாந்திபேதி எனும் கொலரா நோய் புனித பூமியில் பரவியது. அவ்வாண்டு கூடிய ஏறத்தாழ 90,000 ஹாஜிகளில் சுமார் 15,000 பேர் மரணித்ததாக மதிப்பிடப்பட்டது. நீராவிக் கப்பல்களில் நாடு திரும்பியோருடன் நோய் எகிப்துக்கும், அங்கிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களுக்கும் சென்றது. இதன் விளைவாக 1866இல் இஸ்தான்பூலில் சர்வதேச சுகாதார மாநாடு கூட்டப்பட்டது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவின் அச்சம் மேலும் பெருகியது.

1882இல் செங்கடலின் கமரான் தீவில் உஸ்மானிய அரசு ஒரு தனிமைப்படுத்தல் நிலையத்தை அமைத்தது. இந்தியாவிலிருந்தும் ஜாவா போன்ற கீழைத்தேயங்களிலிருந்தும் ஹஜ்ஜுக்காகக் கப்பலில் வந்தோர் ஜித்தாவை அடையுமுன் அத்தீவில் இறக்கப்பட்டனர். அவர்களுடைய உடைகளும் மூட்டைகளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. அவர்கள் பல நாட்கள் குடிசைகளில் தங்கவைக்கப்பட்டனர். அதற்கான கட்டணமும் அவர்களிடமே அறவிடப்பட்டது. வடக்கு நோக்கித் திரும்புவோருக்கு ஸீனாய்க் கரையில் அத்தூர் நிலையம் இருந்தது. 1905இல் அந்நிலையத்தில் மரணித்த ஹாஜிகளின் உடல்களிலிருந்தே கொலராக் கிருமியின் ஒரு வகை இனங்காணப்பட்டது. இன்றும் மருத்துவ நூல்களில் அதற்கு ‘எல் டோர்’ என்றே பெயர். பெயரறியாத ஹாஜிகளின் மரணத்திலிருந்து மருத்துவ உலகு பெற்ற அறிவு அது.

நோயைத் தடுக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நீதி எங்கே பிசகியது? அக்கால வல்லரசுகள் தமது வர்த்தகக் கப்பல்கள் தாமதமின்றிச் செல்ல வேண்டும் என வாதாடின. ஹாஜிகளின் கப்பல்களையோ தனி வகுப்பாகப் பிரித்துக் கடுமையான விதிகளை இயற்றின. விதியை வகுத்தவர்கள் மேசையில் அமர்ந்திருந்தார்கள். விதிக்கப்பட்டவர்கள் கப்பலின் மேற்தளத்தில் வெயிலில் இருந்தார்கள். ஆகவே மக்கள் அவ்விதியை மருத்துவமாகக் காணாமல் அவமானமாகவே கண்டார்கள்.

அநீதி சந்தேகத்தை வளர்க்கும். சந்தேகம் அறிவைக் கண்மூடித்தனமாகப் பகைக்கச் செய்யும். 1895ஆம் ஆண்டு ஜித்தாவில் பிரித்தானிய உதவித் தூதுவராக இருந்த இந்திய முஸ்லிம் வைத்தியர் அப்துர் ரஸ்ஸாக் தாக்கிக் கொல்லப்பட்டார். நோய்த்தடுப்பு ஏற்பாடுகள் மீதான கோபமும் அக்காலக் கொந்தளிப்புக்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஹாஜிகளின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதிய ஒருவரின் முடிவு அவ்வாறு அமைந்தது வேதனைக்குரியதாகும்.

1956ஆம் ஆண்டு உலக சுகாதார சபை, ஹஜ் பயணிகளுக்கென்று சர்வதேச விதிகளில் இருந்த தனிப் பிரிவுகளை நீக்கத் தீர்மானித்தது. ஜித்தாவில் சவூதி அரேபியா தனது சொந்த நிலையத்தை நிறுவி அப்பொறுப்பை ஏற்றது. அதன் பின்னரும் விதிகள் இல்லாமற் போகவில்லை. 2000, 2001ஆம் ஆண்டுகளின் ஹஜ்ஜை அடுத்து ஒரு வகை மூளைக்காய்ச்சல் பரவியதால், நான்கு வகைக் கிருமிகளைத் தடுக்கும் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. ஹஜ்ஜுக்குச் செல்லும் நம்மவர் ஊசி ஏற்றிக்கொள்வது அதனாலேயே. அதனை எவரும் அவமானமாகக் கருதுவதில்லை. காரணம், அது வருபவர் எல்லோருக்கும் பொதுவானது. ஹாஜியின் உயிரைக் காப்பதே அதன் நோக்கமென்பது வெளிப்படை.

2020 முதல் 2022 வரை

சாதாரண காலத்தில் சுமார் 25 இலட்சம் பேர் கூடும் ஹஜ், 2020இல் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் நிறைவேறியது. வெளிநாட்டிலிருந்து ஒருவரும் அனுமதிக்கப்படவில்லை. நாட்டில் ஏற்கனவே வசித்தவர்கள் மாத்திரமே தெரிவு செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் அங்கு வாழ்ந்த வெளிநாட்டவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. 2021இல் தடுப்பூசி ஏற்றிய சுமார் 60,000 பேர் ஹஜ் செய்தனர். அவர்களும் அந்நாட்டில் வசித்தவர்களே. 2022இல் பத்து இலட்சம் பேர் வரை அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் 65 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்க வேண்டும். தடுப்பூசியும், வெளிநாட்டவராயின் பயணத்துக்கு முன் 72 மணித்தியாலத்துக்குள் செய்த பீ.சீ.ஆர். பரிசோதனையும் வேண்டும் என விதிக்கப்பட்டது. 2023இல் வயதெல்லை நீக்கப்பட்டது.

இந்த எண்களுக்குப் பின்னால் நமது வீடுகளின் கண்ணீர் இருக்கிறது. வாழ்நாள் முழுதும் சேமித்துப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்த பெற்றோர்களில் சிலர், வாசல் மீண்டும் திறக்குமுன் அல்லாஹ்விடம் மீண்டுவிட்டார்கள். அத்தகையோரின் பிள்ளைகளுக்கு ஹுதைபிய்யா ஆறுதல் தரும். ஹிஜ்ரி 6இல் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் இஹ்ராமுடன் வந்து மக்காவின் அருகே தடுக்கப்பட்டனர். அவர்கள் குர்பான் கொடுத்து, தலைமுடி களைந்து, திரும்பி, மறு ஆண்டு உம்ராவை நிறைவேற்றினார்கள். தடுக்கப்பட்டவருக்கான சட்டம் அல்பகரா அத்தியாயத்தின் 196ஆம் வசனத்தில் உண்டு. தூய எண்ணத்துடன் காத்திருந்தவரின் கூலியை அல்லாஹ் வீணாக்குவதில்லை. வசதி பெற்றும் நிறைவேற்ற முடியாது மரணித்தவருக்காக ஹஜ் பதல் செய்வது பற்றி வாரிசுகள் உலமாக்களிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இக்காலத்திலும் பழைய பிசகு திரும்பாமல் இல்லை. நமது நாட்டில் பெரும்பாலானோருக்குக் கிடைத்தது சைனோஃபாம் தடுப்பூசி. உலக சுகாதார ஸ்தாபனம் அதனை 2021 மே மாதத்தில் அங்கீகரித்தது. ஆயினும் பிரித்தானியா தனது நுழைவு விதியில் அதனை ஏற்றது நவம்பர் 22ஆம் திகதியிலேயே. சவூதி அரேபியாவும் அதனை ஏற்றியோர் வேறோர் அங்கீகரிக்கப்பட்ட ஊசியையும் மேலதிகமாக ஏற்ற வேண்டும் என விதித்திருந்தது. வளைகுடாவில் தொழில் செய்து குடும்பத்தைக் காக்கும் ஏழை மகன், தனது நாட்டுக்குக் கிடைத்த ஊசியைத் தானாகத் தெரிவு செய்தவனல்லன். ஆயினும் வாசலில் அதற்காக நிறுத்தப்பட்டவன் அவனே. இது முஸ்லிம் நாடு, அது மேற்கு நாடு என்று பாராமல், இதனைக் குறையென்றே நாம் கூற வேண்டும்.

நமது பங்கு

பயணியின் கடமை யாது? 2021 பெப்ரவரியில் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல், போலிப் பரிசோதனைச் சான்றிதழ்கள் விற்கப்படுவது பற்றி எச்சரித்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்காகப் பொய்க் கையொப்பம்! காய்ச்சலை மாத்திரையால் மறைத்துக்கொண்டு விமானத்தில் ஏறுபவன் அதிகாரியை மட்டும் ஏமாற்றவில்லை. பக்கத்து ஆசனத்தில் இருக்கும் வயோதிபத் தாயை அவன் ஏமாற்றுகின்றான். நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றோடு கொண்டு சேர்க்க வேண்டாம் என்று கற்பித்த நபியின் உம்மத்துக்கு இது தகுமா?

இளைஞர்களே! சுகாதாரப் படிவத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் ஒரு சாட்சியமாகும். விதி உங்களுக்கு அநீதியாகத் தோன்றினால் அதனைத் திருத்துமாறு உரிய இடத்தில் வாதாடுங்கள். பொய்யால் அதனைக் கடக்காதீர்கள். உங்களில் நாளை வைத்தியராகவும் அதிகாரியாகவும் சட்டம் வகுப்போராகவும் ஆகக்கூடியவர்கள் உண்டு. அன்று உங்கள் முன் கையில் மூட்டையுடன் ஓர் ஏழைப் பயணி நிற்பான். அவனைத் தடுக்க நேர்ந்தால், ஸகீப் கோத்திரத்து அந்த நோயாளியை நினைவுகூருங்கள். அவனுக்குரியதை அவன் நின்ற இடத்துக்கே அனுப்பிவையுங்கள்.

பெற்றோர்களே! கடல் கடந்து சென்ற பிள்ளை பெருநாளுக்கு வர இயலாது என்று கூறினால் மனம் நோவது இயற்கையே. ஆனால் எப்படியாவது வந்துவிடு என வற்புறுத்தி அவனைப் பொய்யின்பால் தள்ளிவிடாதீர்கள். கொள்ளை நோயின்போது அல்லாஹ்வின் கூலியை நாடித் தம் ஊரிலேயே பொறுமையுடன் தங்கியவருக்கு ஷஹீதின் கூலி உண்டென்பது அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸின் கருத்தாகும். அவன் அங்கே பொறுமையுடன் தங்கியிருப்பதும் ஓர் இபாதத்தே.

யா அல்லாஹ்! கொள்ளை நோய்களிலிருந்து எங்களையும் உலக மக்கள் யாவரையும் காப்பாயாக. உனது வீட்டை நாடிக் காத்திருந்து மரணித்தோரின் எண்ணங்களை ஏற்றருள்வாயாக. வாசலில் நிற்போருக்கு உண்மையையும், வாசலைக் காப்போருக்கு நீதியையும் தந்தருள்வாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.