கொறங்காட்டுப் புல்லும் வறட்சியும்

கொறங்காடு என்பது கொங்கு நாட்டின் மானாவாரி மேய்ச்சல் நிலம். திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில், குறிப்பாகக் காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் இதைக் காணலாம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்த காடு இதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பகுதி இது. ஆடியில் மழை அதிகம் வராது. காற்றுதான் வரும், இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே புல் தழைக்க வேண்டும்.

கோடையில் ஒரு கொழுக்கட்டைத் தூரைத் தோண்டிப் பார்த்தால் விவரம் புரியும். மேலே தாள் சருகாகி, கை பட்டால் நொறுங்கும். மண்ணை ஒட்டிய அடித்தண்டோ பருத்து, கெட்டியாக இருக்கும். மழைக்காலத்தில் சேர்த்த உணவு அங்கேதான் இருக்கிறது. ஒரு கோடைமழை விழுந்தால் அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் பச்சைத் துளிர் கிளம்பும். அடுத்த மழை பொய்த்தாலோ, துளிர்த்த கையோடு மாடு கடித்துவிட்டாலோ தூருக்கு மிச்சம் இருக்காது, பட்டுப்போகும். வறட்சியைவிட, வறட்சி முடிந்ததும் காட்டும் அவசரமே புல்லைக் கொல்கிறது என்று சொல்லலாம்.

2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. புல் வளரும் பருவமே தவறிப்போகும் இத்தகைய ஆண்டுகளுக்கு விதையும் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. புதிதாக உதிர்ந்த விதை சில மாதம் உறங்கும். ஆகவே முதல் தூறலுக்கு எல்லாம் ஒன்றாக முளைத்துக் கருகிவிடுவதில்லை.

பெருமழையும் தீங்கு செய்யும். தூர் அழிந்த வெறுந்தரையில் மழைத்துளி அறைந்து மண்ணின் மேல்பரப்பு ஓடுபோல் இறுகும். தண்ணீர் உள்ளே இறங்காது. மேல்மண்ணையும் விதையையும் வாரிக்கொண்டு ஓடும். அப்படி வெறுமையான காட்டில் சீமைக் கருவேலம் எளிதில் புகும்.

மரங்களின் வழி வேறு. கிளுவை இலையுதிர்த்துக் கோடையைக் கழிக்கும். ஆழ வேரோடிய வெள்வேல் கோடையில் நெற்று உதிர்த்து, புல் இல்லாத நாளில் ஆடுமாட்டுக்குத் தீனி தரும்.

மழை பெய்ததும் காட்டை அடைத்துப்போட்டு, புல் கதிர்விட்டு விதை உதிர்ந்த பிறகே மாட்டை உள்ளே விடுவது இப்பகுதி விவசாயிகளின் பழைய முறை. கொழுக்கட்டைத் தூருக்குத் தேவையான ஓய்வு அந்தச் சில வாரங்கள்தான்.