கோடும் வக்ஃபும்

கடுகண்ணாவையில இருந்து எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கு ஆயத்தமாகும் புள்ளையைத் தடுமாறவைப்பது ஆங்கிலத்தின் நீண்ட கோடு. வாக்கியத்தின் நடுவே ஒரு விளக்கத்தைச் செருகினால் இருபுறமும் கோடு வேண்டும். ஒருபுறம் கோடும் மறுபுறம் காற்புள்ளியும் போட்டால் பிழை. விளக்கம் கடைசியில் வந்தால் ஒன்றே போதும்.

ஏட்டுத் தமிழுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை; ‘என்னும்’, ‘ஆகிய’ என்ற சொற்களே அந்த வேலையைப் பார்த்தன. உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரப்பிய ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தார். கண்டியில் பிறந்த சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியது 1882இல். அச்சுத் தமிழ் அப்போதுதான் குறிகளோடு பழகிக்கொண்டிருந்தது.

ஆனா நிறுத்தி ஓதும் கலை நமக்குப் பழசு. மீம் என்றால் நிற்கணும், லா என்றால் நிற்கக் கூடாது என்ற வக்ஃபு அடையாளங்களை ஒழுங்குபடுத்திய ஸஜாவந்தி ஹிஜ்ரி 560இல் மறைந்தவர். பகரா சூராவின் 2ஆம் வசனத்தில் ‘ஃபீஹி’க்கு முன்னும் பின்னும் மும்மூன்று புள்ளிகள் உண்டு. அது முஆனகா, ஒன்றில் நின்றால் மற்றதில் நிற்கக் கூடாது. மத்ரஸாப் புள்ளைக்கு இது தண்ணிபட்ட பாடு. ஆங்கிலக் கோடு இதற்கு நேர் எதிர்: நடுவில் ஒன்றைப் போட்டால் மற்றதையும் போட்டே ஆகணும்.