விழிஞ்ஞத்தில் விடுபட்ட பேச்சு

விழிஞக் கோட்டையைப் பாண்டியன் நெடுஞ்சடையன் அழித்த செய்தியைச் செப்பேட்டில் படிக்கிறோம். அவ்வூர்க் கடலோரப் பேச்சை எங்கே படிப்பது?

கேரளப் பல்கலைக்கழகத்தில் 1963இல் தோன்றிய மொழியியல் துறைக்குத் தலைமையேற்றவர், நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம். 1974இல் வெளிவந்த அவரது மலையாளக் கிளைமொழி அளவாய்வு ஈழவர், தீயர் பேச்சைத் திரட்டியது. சமூகத்தை மாறாமல் நிறுத்தினால்தான் இட வேறுபாடு துலங்கும், முறை சரியே. மீனவர் பேச்சு மட்டும் அந்த வலையில் அகப்படவில்லை.

கச்சான், கொண்டல் என்னும் காற்றுப் பெயர்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. எல்லைக்கோடு அவற்றுக்கு இல்லை. 2025 மே 2 அன்று விழிஞ்ஞத்தில் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கரையின் தொழில் மாறினால் இச்சொற்களும் முதியோருடன் போய்விடும். துறை இயங்கும் காரியவட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம்தான். அடுத்த கள ஆய்வை அங்கே தொடங்கலாம்.