ஈசான் நாட்டுப் பச்சை மீனும் பித்தநாளப் புற்றும்

தாய்லாந்தின் வடகிழக்கே, மீகாங் நதிக்கு இப்பால் பரந்து கிடக்கும் கோராத் பீடபூமியை அந்நாட்டார் ஈசான் என்று வழங்குகிறார்கள். சீ, மூன் என்னும் இரு நதிகள் அதனூடே பாய்கின்றன. ஆயினும் மண் மணற்பாங்கானது. பல இடங்களில் உப்புப் பூத்துக் கிடப்பது. மழையோ ஒரு வருஷம் வெள்ளமாய்ப் பெய்து மறு வருஷம் பொய்த்துப் போவது. தாய்லாந்தின் ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இங்கே வசிக்கிறார்கள். ஒட்டரிசிச் சோறும், குளத்திலும் வயலிலும் பிடித்த மீனுமே தலைமுறை தலைமுறையாக அவர்களுடைய பிரதான ஆகாரம். பித்தநாளப் புற்றுநோய் உலகின் பெரும்பான்மையான தேசங்களில் வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ காணும் அபூர்வ வியாதி. ஆனால் ஈசானின் நடுவிலுள்ள கோன் கேன் மாகாணத்தில் 1980-களின் இறுதியில் கணக்கெடுத்தபோது, ஆண்களில் லட்சம் பேருக்கு 80-க்கு மேற்பட்டோரிடமும், பெண்களில் 35-க்கு மேற்பட்டோரிடமும் அது காணப்பட்டது. உலகில் வேறெங்கும் பதிவாகாத இந்த விகிதத்துக்குக் காரணம் தேடிய வைத்தியர்கள், கடைசியில் அந்த மக்களின் உணவுப் பழக்கத்தினுடைய சரித்திரத்திலே வந்து நின்றார்கள்.

மழைக்காலத்தில் வயல்களும் வாய்க்கால்களும் குளங்களும் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீர்ப்பரப்பாகும்போது, கெண்டை இனத்தைச் சேர்ந்த சிறு மீன்கள் எங்கும் பெருகும். நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் கூடிய ஆண்கள், அந்த மீனை அங்கேயே பிடித்து, பொடிப்பொடியாகக் கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், வெங்காயம், வறுத்து இடித்த அரிசிமா, புதினா முதலியவற்றோடு பிசைந்து, அடுப்பேற்றாமலே சோற்றுடன் உண்பார்கள். கோய் பிளா என்று பெயர் பெற்ற இந்தப் பதார்த்தத்தோடு அரிசிச் சாராயமும் சேருவது சகஜம். சில நாட்கள் மட்டும் புளிக்க வைத்த பிளா சோம், மாதக்கணக்கில் உப்பில் ஊறிய பிளா ரா என்பனவும் அந்நாட்டு மீன் உணவுகளே. இறைச்சி வாங்க வசதியற்ற குடியானவனுக்குப் புரதச் சத்தை அளித்தது இந்த மீன்தான். உழைத்துக் களைத்தவர்கள் ஒரே தட்டைச் சூழ்ந்து உட்கார்ந்து உறவை வளர்த்ததும் இதைக் கொண்டுதான். ஆகையால் இப்பழக்கத்தை அறியாமை என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

கேடு விளைவிப்பது மீனுடைய தசையில் கண்ணுக்குப் புலப்படாமல் உறங்கும் ஒரு கிருமி. ஓபிஸ்தார்கிஸ் விவெரினி என்னும் கல்லீரல் தட்டைப்புழு, சிறு இலை போன்ற வடிவமுடையது. நீளம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. மனிதனுடைய பித்தநாளங்களில் பல ஆண்டுகள் குடியிருந்து அது இடும் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, கழிப்பிட வசதியில்லாத கிராமங்களில் மழைநீரால் அடித்துச் செல்லப்பட்டு, பித்தினியா என்னும் சிறு நத்தைகளின் உடலுக்குள் புகுகின்றன. அங்கே பெருகி வெளிவரும் நுண்புழுக்கள் மீன்களைத் துளைத்து உட்புகுந்து, தசையில் உறைகட்டிக் கொண்டு காத்திருக்கின்றன. அம்மீனைப் பச்சையாக உண்ட மனிதனோ நாயோ பூனையோ அடுத்த தலைமுறைப் புழுவுக்கு இருப்பிடமாகிறது. நன்றாகச் சமைத்தால் கிருமி அழிந்துவிடும், எலுமிச்சைச் சாறு மீனின் நிறத்தை வெளுக்கச் செய்யுமேயன்றிக் கிருமியைக் கொல்லாது, சாராயமும் கொல்லாது. ஆனால் இவ்விரண்டும் போதிய காப்பு என்ற நம்பிக்கை ஈசானில் ஆழ வேரூன்றியிருந்தது.

இப்புழுவை விஞ்ஞான உலகம் அறிந்து நெடுங்காலமாகிறது. 1886-இல் பாரிஸ் மிருகக்காட்சிச் சாலையைச் சேர்ந்த ஒரு மீன்பிடிப் பூனையின் உடலிலிருந்து எடுத்த புழுவைப் பொய்ரியே என்னும் பிரெஞ்சு அறிஞர் வர்ணித்தார். பிற்காலத்தில் சயாமியத் தாவரங்களை ஆராய்ந்து கீர்த்தி பெற்ற கெர் என்னும் அயர்லாந்து வைத்தியர், சியாங் மாயில் இறந்துபோன கைதிகளின் சடலங்களைப் பரிசோதித்தபோது கண்டெடுத்த புழுக்களை லண்டனிலிருந்த லைப்பர் ஆராய்ந்து, மனிதனிடமும் இது வாழ்கிறது என்று 1915-இல் வெளியிட்டார். அச்சிறையில் சோதிக்கப்பட்ட 230 ஆண்களில் 17 சதவீதத்தினரிடம் தொற்று இருந்ததாகக் கெர் மறு வருஷம் எழுதினார். இத்தனை தெரிந்த பிறகும், தொற்றினால் உடனடியாகப் பெரிய உபத்திரவம் எதுவும் தோன்றாமையால், இதை ஒரு கொலைகாரனாக எவரும் கருதவில்லை. 1978-இல் தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள் வெள்ளெலிகளில் இந்தப் புழுவையும் நைட்ரோசமைன் என்னும் ரசாயனத்தையும் ஒருங்கே செலுத்திப் பித்தநாளப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என ஐயமின்றி நிரூபிக்கப்பட்ட காரணங்களின் வரிசையில் இப்புழுவையும் சேர்த்தது.

புழு உள்ளவர் அனைவருக்கும் புற்று வருவதில்லை. ஒரு சிறு பகுதியினருக்கே, அதுவும் பல பத்தாண்டுகள் கழிந்த பின்பே வருகிறது. புழுவின் உறிஞ்சிகள் நாளத்தின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. அது சுரக்கும் பொருள்கள் உயிரணுக்களைத் தூண்டுகின்றன. தீராத அழற்சியில் உடலே நைட்ரோசமைன்களை உற்பத்தி செய்கிறது. புளிக்க வைத்த உணவிலிருந்தும் அவை வந்து சேருகின்றன. மது, புகையிலை, பித்தநாளக் கற்கள், பி, சி வகை ஈரல் அழற்சிகள் ஆகியனவும் பித்தநாளப் புற்றின் அபாயத்தை மிகுவிப்பவை. குடித்துக் கூடிப் பச்சை மீன் உண்ணும் வழக்கம் ஆண்களிடமே அதிகமாதலால், அவர்களிடம் நோய் மிகுந்திருப்பது எதிர்பார்க்கத் தக்கதே.

மாத்திரையால் இப்பழக்கத்தின் கேட்டை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. பிராசிகுவான்டெல் என்னும் மருந்து ஒரே வேளையில் புழுவைக் கொன்றுவிடும். 1987 முதல் பரிசோதனை, மருந்து, சுகாதார போதனை, கழிப்பறை ஆகியவற்றைச் சேர்த்து அரசாங்கம் வடகிழக்கு மாகாணங்களில் விரிவாகப் பிரசாரம் செய்தது. 1980-81-இல் ஈசானில் சுமார் 35 சதவீதமாக இருந்த தொற்று, 2001-இல் 16-க்கு இறங்கியது. ஆனால் 2009-இலும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. புழு செத்தாலும் பழக்கம் சாகவில்லை. மருந்துதான் இருக்கிறதே என்ற தைரியத்தில் மீண்டும் பச்சை மீன் உண்டு, மீண்டும் தொற்று ஏற்று, மீண்டும் மருந்து விழுங்குவோர் பலராயினர். திரும்பத் திரும்பப் புண்படும் நாளத்துக்கு இது ஆபத்தை அதிகமாக்கலாம் என்று ஆய்வாளர் அஞ்சினார்கள்.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்த முயற்சி ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். கோன் கேன் பல்கலைக்கழகத்தின் பஞ்சோப் ஸ்ரீபா என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் லாவா என்னும் ஏரியைச் சூழ்ந்த கிராமங்களில் 2007 முதல் வேலை செய்தார்கள். மருந்து கொடுத்ததோடு நில்லாமல், கிராம சுகாதாரத் தொண்டர்களையும் பள்ளிக் குழந்தைகளையும் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு, மனிதர், நாய், பூனை, நத்தை, மீன் ஆகிய அனைத்தையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கருதிச் சோதித்தார்கள். சராசரியாகப் பாதிப் பேரிடம் இருந்த தொற்று, சில ஆண்டுகளில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. தம் பெற்றோர் இருவரையும் இந்நோய்க்குப் பறிகொடுத்த நரோங் குந்திக்கியோ என்னும் அறுவை வைத்தியர், 2013-இல் தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தின் வழியே கிராமம் கிராமமாக அல்ட்ராசவுண்டு கருவியை எடுத்துச் செல்லச் செய்தார். கண்ணும் தோலும் மஞ்சளித்த பிறகு வரும் நோயாளிக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. முன்கூட்டியே கண்டால் அறுவையினால் உயிர் காக்க வழியுண்டு.

கூடி உண்டு வளர்த்த வழக்கத்தைக் கூடியே கைவிட வேண்டும் என்பதுதான் ஈசானின் சரித்திரம் நமக்குப் போதிப்பது. நாற்பது வயதுக்காரன் ஒருவன் தனியே பச்சை மீனை மறுத்தால் அது நட்பை மறுத்ததாகவே தோன்றும். வீட்டின் மூத்தவர் அதே மீனை வேகவைத்துப் பரிமாறினால் நட்பும் கெடாது, உயிரும் நிலைக்கும். ஆனால் இன்று பழக்கம் அடியோடு மாறினாலும், சிறு வயதில் தொற்றேற்றவர்களின் உடலில் புற்று இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் தலைகாட்டிக் கொண்டேயிருக்கும். ஆகவே தொற்றின் எண்ணிக்கை குறைந்தது என்று மகிழ்ந்து, பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆகும் செலவைச் சுருக்கிவிடுவது, இவ்வளவு காலம் அறியாமையால் துன்புற்றவர்களை அறிந்தே கைவிடும் அநியாயமாகும்.