தரவு கட்டளையாக மாறும் இடம்: ஸ்ட்ரட்ஸ் குறைபாட்டில் வடிவமைப்பின் பொறுப்பு

2017 செப்டம்பர் 7 அன்று, அமெரிக்கக் கடன்தகுதித் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ், 14 கோடிக்கும் மேற்பட்டோரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் முதலியவை களவுபோனதாக அறிவித்தது. களவுக்கு வழிவிட்டது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் 2 என்னும் ஜாவா கட்டமைப்பில் இருந்த, சிவிஇ-2017-5638 என்று எண்ணிடப்பட்ட நிரல் உட்செலுத்தல் குறைபாடு. அதற்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. எனவே இந்நிகழ்வு பெரும்பாலும் திருத்தத்தை நிறுவாமல் விட்ட நிர்வாகத்தின் தோல்வியாகவே பேசப்படுகிறது. பதவி விலகிய தலைமைச் செயல் அலுவலர் ரிச்சர்ட் ஸ்மித்தும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஓர் ஊழியரின் தவறையும் குறைபாடுகளைத் தேடும் ஸ்கேனரின் தவறையுமே காரணங்களாகச் சொன்னார். இவ்விளக்கம் களவு எப்படி இவ்வளவு பெரிதானது என்பதைக் காட்டுகிறது. அக்குறைபாடு ஏன் பிறந்தது என்பதைத் தொடவே இல்லை. அதன் வேர், வெளியிலிருந்து வரும் தரவை மதிப்பிட்டு இயக்கும் ஆற்றலைக் கட்டமைப்பின் நடுவில் வைத்த வடிவமைப்பு முடிவில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குறைபாடு இயங்கும் விதமே இதற்கு முதற்சான்று. உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோப்பேற்றக் கோரிக்கையிலும், உள்ளடக்கம் எவ்வகையானது என்று சொல்லும் கன்டென்ட்-டைப் என்ற தலைப்புவரி உண்டு. அது பிழையாக இருந்தால், ஸ்ட்ரட்ஸின் ஜகார்த்தா மல்ட்டிபார்ட் பகுப்பான் ஒரு பிழைச்செய்தியைத் தயாரிக்கும்; அச்செய்திக்குள் பிழையான தலைப்புவரியும் அப்படியே இடம்பெறும். பின்னர் அச்செய்தியைப் பயனரின் மொழிக்கு மாற்றித் தருவதற்கான செயற்கூறு அதைப் பெற்று, அதில் ஓஜிஎன்எல் கோவைகள் இருந்தால் அவற்றை மதிப்பிட்டுவிடும். ஓஜிஎன்எல் ஜாவா பொருள்களின் செயற்கூறுகளை அழைக்கவல்ல மொழி. அதன்வழி சர்வரின் இயக்குதளக் கட்டளைகளையும் ஓட்டலாம். கடவுச்சொல்லோ பயனர் கணக்கோ இல்லாத அந்நியர் அனுப்பிய ஒற்றை வரி, பிழையைத் தெரிவிக்கும் பாதை வழியாகவே கட்டளையாக மாறியது. இதில் எந்த ஒரு கூறும் தனித்துப் பார்த்தால் அபத்தமானதன்று. பகுப்பான் பிழையைச் சொன்னது, மொழிமாற்றி செய்தியைத் தேடியது, மதிப்பிடும் எந்திரம் மதிப்பிட்டது. தவறு அவை இணைக்கப்பட்ட விதத்தில்தான்.

ஸ்ட்ரட்ஸ் குழுவினர் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். ஆபத்தான வகுப்புகளையும் தொகுப்புகளையும் ஓஜிஎன்எல் தொடாதபடி தடைப்பட்டியல்களை வைத்திருந்தார்கள். ஆனால் 2017-இல் பரவிய தாக்குநிரல் முதலில் செய்த வேலை, அதே ஓஜிஎன்எல் மொழியில் அந்தத் தடைப்பட்டியல்களைக் காலி செய்ததுதான். காவலை நீக்கும் அதிகாரமும் காக்கப்பட வேண்டிய மொழியிடமே இருந்தது. 2013, 2016, 2018 ஆண்டுகளிலும் ஸ்ட்ரட்ஸில் இதே இனக் குறைபாடுகள் வெளிவந்தன. அட்லாசியனின் கான்ஃப்ளூயன்ஸ் மென்பொருளிலும் 2021, 2022-இல் ஓஜிஎன்எல் வழியாகவே சர்வர்கள் பறிபோயின. ஒரே நோய் இத்தனை முறை திரும்பினால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

திருத்தத்தை உடனே நிறுவியிருந்தால் எல்லாம் தவிர்ந்திருக்குமே என்பது வலுவான எதிர்வாதம். ஈக்விஃபாக்ஸில் தரவுக் களவு மே 13-இல்தான் தொடங்கியது. இடையிலிருந்த இரண்டு மாதங்களில் திருத்தியிருந்தால் அது தடுக்கப்பட்டிருக்கும். இதை மறுப்பதற்கில்லை. எனினும் நாள்களைக் கவனிக்க வேண்டும். மார்ச் 8-இல் அரசின் எச்சரிக்கை வந்தது. மறுநாள், 48 மணி நேரத்துக்குள் திருத்துமாறு நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் போனது. மார்ச் 10-இலேயே தாக்குவோர் ஈக்விஃபாக்ஸின் சர்வரில் சோதனைக் கட்டளையை ஓட்டிவிட்டார்கள். நிறுவனம் தன் கெடுவைத் தவறாமல் கடைப்பிடித்திருந்தாலும் முதல் நுழைவு அதற்கு முந்தியிருக்கக்கூடும். திருத்தத்தை மட்டுமே நம்பும் பாதுகாப்பு, தாக்குவோரைவிட வேகமாக ஓடுவதையே நம்பியிருக்கிறது.

இத்தகைய கோவை மொழிகள் நிரலாளரின் உழைப்பைக் குறைக்கின்றன, அவற்றை நீக்கினால் கட்டமைப்பே பயனற்றுப்போகும் என்பது மற்றோர் எதிர்வாதம். தரவுத்தள வினவல் மொழியான எஸ்க்யூஎல்லில் நிகழும் உட்செலுத்தலைப் பற்றிய அனுபவம் இதற்கு மாறானது. வினவலின் வடிவத்தை முன்பே நிலைப்படுத்திவிட்டு, பயனர் தரும் மதிப்பைத் தனியே அனுப்பும் முறை வந்தபின், தரவுத்தளங்கள் ஆற்றலை இழக்கவில்லை. பயனரின் உள்ளீடு கட்டளையாக மாறும் பாதைதான் மூடப்பட்டது. ஜாவா நிரல்களுக்கான பதிவெழுதும் நூலகமான லாக்4ஜேயின் குறைபாடும் இதையே காட்டுகிறது. 2021 டிசம்பரில் வந்த 2.15 பதிப்பின் கட்டுப்பாடுகள் சில நாள்களிலேயே போதாதவை எனத் தெரிந்தன. அடுத்து வந்த 2.16, பதிவுச்செய்திக்குள் இருப்பதைத் தேடி மதிப்பிடும் வசதியையே நீக்கியது. பதிவெழுதும் வேலை அதனால் நின்றுவிடவில்லை.

ஸ்ட்ரட்ஸ் போன்ற திட்டங்களில் இலவசமாக உழைக்கும் தன்னார்வலர்கள் மீது இவ்வடிவமைப்பின் பழியைச் சுமத்துவது முறையன்று. அவர்களின் நிரலைக் கொண்டு வணிகம் நடத்தும் நிறுவனங்களே உள்ளீடு கட்டளையாக மாறாதபடி செய்யும் மறுவடிவமைப்புக்குச் செலவு செய்யக் கடன்பட்டவை. அச்செலவைத் தவிர்ப்பதன் விலை பெரிது: இக்களவுக்காக ஈக்விஃபாக்ஸ் 2019-இல் ஏற்ற சமரசத் தொகை குறைந்தது 57.5 கோடி டாலர். எனவே சர்வர் மென்பொருளை வாங்குவோர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், பயனரின் உள்ளீடு எந்தெந்த மதிப்பிடும் எந்திரங்களைச் சென்றடைகிறது என்ற பட்டியலை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.