காட்டுக் கறுவாவும் தோட்டக் கறுவாவும்

ஐரோப்பியரை இலங்கைக்கு ஈர்த்த பொருள்களுள் கறுவாவே தலையாயது என்பதை யாவரும் அறிவர். ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்பண்டத்திற்காகப் போரிட்ட அந்நியர், அதனை நட்டுப் பயிரிடும் எண்ணத்திற்கு வெகுகாலம் வராதிருந்தமை பலரும் கருத்திற் கொள்ளாத செய்தியாகும்.

கறுவா இத்தீவின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளுக்குரிய என்றும் பசுமையான மரம். தானாக வளரவிடின் ஓங்கி நிற்கும். அடியோடு வெட்டினால் கட்டையினின்றும் பல தளிர்கள் கிளம்பிப் புதராகும். ஏறக்குறைய இரண்டாண்டு முதிர்ந்த கழிகளை மழைக்காலத்தில் வெட்டி, மேற்றோலைச் சுரண்டி நீக்கி, பித்தளைக் கோலால் தேய்த்துப் பட்டையை நெகிழ்த்திக் கழற்றுவர். கழற்றிய பட்டைகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி நிழலில் உலர்த்துவர். கத்தி சற்றே தவறினும் பட்டை பிளந்து மதிப்பிழக்கும். இக்கைவினை எளிதிற் கைவருவதன்று. சலாகம சமூகத்தினர் ஆட்சியாளர்க்கு இன்றியமையாதவர்களானதும், அதனாலேயே விடுதலையற்றவர்களானதும் இக்காரணம் பற்றியே.

தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் வழியினர் இவர்கள் என்பது மரபுவழிச் செய்தி. கோட்டை அரசர் காலத்தில் கறுவா உரித்தல் இவர்கள்மீது சுமத்தப்பட்ட இராசகாரியமாயிற்று. போர்த்துக்கேயர் அக்கடமையை இறுக்கினர். 1658 அளவில் கரையோரத்தைத் தம் வசமாக்கிய ஒல்லாந்தக் கம்பனியார் அதனை மேலும் இறுக்கினர். ஆண்மக்கள் சிறுவயதிலேயே தோம்பிற் பதியப்பெற்றனர். வயது ஏற ஏற ஒப்படைக்கவேண்டிய நிறையும் ஏறியது. மாதக்கணக்கிற் காடுகளில் அலைந்து உரித்தோர் கண்ட ஊதியம் சொற்பமே. இக்கடமையினின்றும் தப்புவதற்காகப் பிள்ளைகளை வேறு சாதியிற் பதிவித்தோரும், கண்டி நாட்டிற்கு ஓடிப்போனோரும் உளர். அனுமதியின்றிக் கறுவா உரிப்பதும் விற்பதும் மரணதண்டனைக்குரிய குற்றங்களாயிருந்தன. தன் நிலத்தில் தானே முளைத்த கன்றைக்கூடக் குடியானவன் வெட்டலாகாது. சேனைப் பயிர்ச்செய்கைக்கும் இதனாலேயே தடை நேர்ந்தது. பறவை எச்சத்தில் விழுந்த ஒரு வித்து ஒருவனது நிலவுரிமையையே கேள்விக்குரியதாக்கிய விந்தையை வேறு நாட்டு வரலாற்றிற் காண்டல் அரிது.

தேசாதிபதி சுரோடர், கறுவா நிலமென்று கருதப்பட்ட இடங்களில் அனுமதியின்றி எழுந்த தோட்டங்களை அழிக்க முற்பட்டமை 1760ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு ஒரு முக்கிய காரணமாகும். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் கிளர்ச்சியாளர்க்குத் துணைநின்றான். தொடர்ந்து மூண்ட போர் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையுடன் முடிந்தது. கரையோரம் முழுவதும், கண்டி நாட்டின் தாழ்நிலங்களிற் கறுவா உரிக்கும் உரிமையும் கம்பனிக்குக் கிடைத்தன. எனினும், எழுத்திற் பெற்ற உரிமை காட்டில் எளிதிற் கைகூடவில்லை. மன்னனின் மனமாற்றத்தை நம்பியிருந்த வணிகம் எந்நாளும் நிலையற்றதே.

இச்சூழலிலேதான் தேசாதிபதி பால்க் 1760களின் பிற்பகுதியிற் கொழும்பு மருதானைப் பகுதியிற் கறுவாவை நட்டுப் பார்த்தார். காட்டில் விளைவதே உயர்ந்தது, நட்டது தரங்குன்றும் என்ற நம்பிக்கை அதுவரை வலுவாயிருந்தது. முதலில் நட்ட கன்றுகள் பட்டுப்போயின என்றும், காட்டுக் கறுவாவால் வாழ்ந்த ஒருவன் இரவில் வெந்நீர் தெளித்தமையே அதன் காரணம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அக்கதை மெய்யோ பொய்யோ, புதிய தோட்டத்தால் எவரெவர் அஞ்சினர் என்பதை அது உணர்த்துகிறது. முயற்சி பலித்தது, தோட்டக் கறுவா எவ்வகையிலுந் தாழ்ந்ததன்று எனத் தெளிவாயிற்று. கொழும்பு முதலிய கரையோரப் பகுதிகளில் தோட்டங்கள் பெருகின. அடுத்து வந்த வான் த கிராப் அவற்றை மேலும் விரிவித்தார். ஒல்லாந்தர் ஆட்சி முடியுந் தறுவாயிற் கம்பனியின் தேவையிற் பெரும்பகுதி தோட்டங்களிலிருந்தே கிடைத்தது.

இதனைப் பயிர்ச்செய்கை நுட்பத்தின் வெற்றி என்று மட்டும் கூறிச் செல்வது பொருந்தாது. தோட்டம் கண்டி மன்னனிடமிருந்து கம்பனியை விடுவித்தது. உரிப்பவனைக் கம்பனியிடமிருந்து விடுவிக்கவில்லை. காட்டில் அலைந்தவன் கண்டி எல்லையைத் தாண்டி மறையலாம். வேலியிட்ட தோட்டத்தில் அதற்கு வழி ஏது? 1796இல் ஆட்சி ஆங்கிலேயரிடம் சென்ற பின்னரும் கடமை நீடித்தது. இராசகாரியம் 1832இலும், கறுவா ஏகபோகம் கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1833இலும் ஒழிந்தன. அப்போதும் உயர்தரக் கறுவாவில் றாத்தலுக்கு 3 சிலிங் ஏற்றுமதித் தீர்வை விதிக்கப்பட்டது. மலிவான கசியாப் பட்டையும் யாவாவிற் பயிரான கறுவாவும் சந்தையிற் போட்டியிட்ட வேளையில் இத்தீர்வை பெருஞ் சுமையாயிற்று. முதலீடு கோப்பியை நாடிச் சென்றது.

கொழும்பின் தோட்டங்கள் காலப்போக்கில் மாளிகைகளுக்கு இடங்கொடுத்தன. கொழும்பு 7இல், கறுவாத்தோட்டம் என்ற பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.