குளிர் ஏரியில் மூழ்கிய கப்பலைப் பார்க்கப் போகுமுன்: ஷெல் பட்ட உடம்புக்குச் சில குறிப்புகள்

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொஸ்லந்தவுக்குப் போயிருந்தேன். பாசிக்குடாவில் சுழியோடிகளுக்கு உதவியாளாக வேலை செய்யும் அண்ணன் மகன், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, “இது நெசமா சித்தப்பா?” என்று கேட்டான். தெளிந்த தண்ணீருக்கு அடியில் ஒரு மரக்கப்பல், உடல் கலையாமல் கிடந்தது. கனடாவின் ஹூரன் ஏரிக்கரையில் உள்ள டொபர்மரி என்ற சிற்றூரின் படம் அது. ரொறன்ரோவிலிருந்து காரில் நான்கு மணித்தியாலப் பயணம். உண்மைதான், இந்த ஓகஸ்டில் நானே இறங்கிப் பார்க்கப் போகிறேன் என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: “அப்ப ஒங்க காது?”

1977க்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் மலையை விட்டு வன்னிக்குப் போனோம். அண்ணன் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். 2009இல் பக்கத்தில் விழுந்த ஷெல்லில் என் இடது செவிப்பறை கிழிந்தது. அவன் கேட்டது அதைத்தான். அவனுக்குச் சொன்ன பதிலை, என்னைப் போலக் காயத்தோடு வாழ்பவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் கப்பல். அதன் பெயர் ஸ்வீப்ஸ்டேக்ஸ். 1867இல் ஒன்ராறியோவின் பேர்லிங்டனில் கட்டப்பட்ட இரண்டு பாய்மரக் கப்பல். 1885இல் சேதமடைந்து, டொபர்மரியின் பிக் டப் குடாவுக்கு இழுத்துவரப்பட்டு அங்கேயே மூழ்கியது. கிடப்பது ஏறக்குறைய 6 மீட்டர் ஆழத்தில்தான். நம் கடலில் மரக்கலம் மூழ்கினால் கப்பல் புழு துளைத்தே தின்றுவிடும். நன்னீரில் அந்தப் புழு இல்லை. குளிரில் மரம் உக்குவதும் மெதுவாகவே நடக்கும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை அண்ணன் மகன் அறிவான். அது எஃகு. 50 மீட்டருக்கும் கீழே இருப்பதால் சாதாரணச் சுழியோடிகளின் 40 மீட்டர் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதோடு ஒப்பிட்டால் ஸ்வீப்ஸ்டேக்ஸ் கைக்கெட்டும் தூரம். அதனால்தான் பலர் தயாராகாமல் இறங்குகிறார்கள்.

தயாராவது தண்ணீரில் தொடங்குவதில்லை, மருத்துவப் படிவத்தில் தொடங்குகிறது. சுழியோடும் பயிற்சிக்குச் சேரும் எவருக்கும் ஒரு கேள்விப் படிவம் தருவார்கள். காது, நெஞ்சு, நுரையீரல், மனநிலை, மருந்துகள் என்று வரிசையாகக் கேட்கும். முதல் தடவை நான் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று போட்டேன். படிவங்களில் போரைப் பற்றி எழுதினால் கெடுதல்தான் வரும் என்பது எங்கள் பலருக்குப் பழகிப்போன பயம். ஆனால் இந்தப் படிவத்தில் பொய் சொன்னால் பழிவாங்குவது அதிகாரி அல்ல, தண்ணீர்.

செவிப்பறையில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த தண்ணீர் நடுக்காதுக்குள் போகும். சமநிலையைக் காக்கும் உறுப்பு அதற்கு அருகில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் தலை சுழலும், மேல் எது கீழ் எது என்று தெரியாது, வாந்தி வரும். வாயில் ரெகுலேட்டர் வைத்துக்கொண்டு இது நடப்பதைக் கற்பனை செய்யுங்கள். ஓட்டை மூடி வடுவாகிவிட்டால் சிலருக்கு அனுமதி கிடைக்கும். அதைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பரிசோதனைகள் முடிந்து “இறங்கலாம், ஆனால் மெதுவாக” என்ற பதில் வந்தது. கீழே போகையில் வலி தொடங்கும்வரை காத்திராமல், ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்துக் காது அழுத்தத்தைச் சமப்படுத்துகிறேன். அடைப்பு விலகாவிட்டால் சற்று மேலேறி மீண்டும் முயல்வது, அதுவும் சரிவராவிட்டால் கரைக்குத் திரும்புவது.

நெஞ்சுக் காயம் இதைவிடப் பெரிய விடயம். தசைக்குள் கிடக்கும் ஷெல் துண்டை நீரழுத்தம் ஒன்றும் செய்யாது, உலோகம் சுருங்குவதில்லை. ஆனால் நுரையீரலில் வடு இருந்தால் அதன் பின்னால் காற்று சிறைப்படலாம். மேலேறும்போது அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். மேற்பரப்புக்கு அருகில்தான் காற்று மிக வேகமாக விரிகிறது. ஆகவே 6 மீட்டர்தானே என்பது ஆறுதல் அல்ல. நெஞ்சில் துண்டு பாய்ந்தவர்கள், நெஞ்சுக்குக் குழாய் போட்டிருந்தவர்கள், சுழியோடி மருத்துவம் தெரிந்த மருத்துவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. பலருக்குப் பதில் “வேண்டாம்” என்றுதான் வரும். கண்ணாடித் தரைப் படகிலிருந்தும் அதே கப்பலைப் பார்க்கலாம்.

மனதையும் சொல்ல வேண்டும். நீச்சல் தடாகத்தில் முதன்முதலாகத் தடித்த தலையுறை மாட்டியபோது காதுகள் அடைத்து, உலகம் தூரப்போனது. ஷெல் விழுந்த அடுத்த நொடியில் இருந்த அதே அமைதி. எழுந்து நின்றுவிட்டேன். பயிற்றுநரிடம் காரணத்தைச் சொன்னபின், இரண்டு வாரம் தலையுறையோடு ஆழமற்ற தண்ணீரில் மூச்சு மட்டும் பழகினேன். நீருக்கடியில் பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான் ஆளைக் கொல்கிறது. தூக்க மாத்திரையோ மன அழுத்த மருந்தோ எடுப்பவர்கள் அதையும் மறைக்க வேண்டாம்.

இனிக் குளிர். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மார்கழி விடியலில் பீலிக்கடியில் தலையைக் கொடுத்ததும் “ஹா” என்று தானாக மூச்சு இழுபடுமே, அதுதான். அந்த இழுப்பு தண்ணீருக்குள் நடந்தால் மூழ்கல். மனிடோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்கிறார்: குளிர்நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணித்தியாலம். இது பாதுகாப்பு உடையின்றி விழுபவருக்கான கணக்கு. உடை அணிந்தவரும் முதலில் முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து, மூச்சு சீராகும்வரை காத்திருப்பது நல்லது.

பெரிய ஏரிகளின் ஆழத்தில் கோடையிலும் 4 பாகை செல்சியஸை ஒட்டிய குளிர்தான். நன்னீர் 4 பாகையில் மிகக் கனமாக இருப்பதால் அந்த நீர் அடியிலேயே தங்குகிறது. மேலே இதமாக இருக்கும், சட்டென ஒரு படலத்தைக் கடந்ததும் கன்னம் விறைக்கும். காற்றின் திசை மாறினால் அடிக்குளிர் கரைக்கே எழுந்து வரும். ஆகவே 7 மில்லிமீட்டர் வெட் சூட், தலையுறை, கையுறை என்பது குறைந்தபட்சம். ட்ரை சூட் இன்னும் சூடு, ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்குள் உள்ள காற்று கால்பக்கம் ஓடினால் தலைகீழாக மேலே இழுத்துச் செல்லும்.

ரெகுலேட்டர் குளிர்நீருக்கென்று மூடப்பட்டதாக இருக்க வேண்டும். பாசிக்குடாவில் சிக்கலில்லாமல் ஓடுவது இங்கே உறைந்து, காற்றை நிறுத்தாமல் கொட்டத் தொடங்கலாம். கொட்டினால் வாயால் முழுதாகக் கவ்வாமல், வழியும் காற்றைச் சிறிது சிறிதாகக் குடித்தபடி நண்பரோடு மேலேற வேண்டும். நான் இதை ஒரு பழைய கற்குவாரிக் குளத்தில் பலமுறை பழகினேன். எடைப்பட்டியையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். நன்னீர் உப்புநீரைவிடக் குறைவாகத்தான் மிதக்கவைக்கும், தடித்த உடையோ அதிகமாக மிதக்கவைக்கும். கடலில் போட்ட எடை இங்கே பொருந்தாது.

டொபர்மரியின் கப்பல்கள் ஃபாதம் ஃபைவ் தேசிய கடல் பூங்காவுக்குள் இருக்கின்றன. சுழியோடிகள் முன்கூட்டியே பதிய வேண்டும். ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. கப்பலின் உட்பக்கம் புதியவர்களுக்கு உரியதல்ல. 30 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அரேபியா, அனுபவமுள்ள சுழியோடிகளின் உயிரையே எடுத்திருக்கிறது. சில இடங்களில் இறங்குவதே முறையல்ல. 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், விசேட அனுமதியின்றி எவரும் நெருங்க முடியாத இடம். அந்தக் குடும்பங்களுக்கு அது கல்லறை. 2014 ஒக்டோபர் 29 மண்சரிவுக்குப் பிறகு மீரியபெத்தவில் தோண்டி எடுக்கப்படாதவர்களை அறிந்த ஊரில் இதற்கு விளக்கம் கேட்க யாரும் இல்லை.

அண்ணன் மகனுக்கு ஒன்று மீதியிருக்கிறது. அவன் பாசிக்குடாவில் காலையில் முழுகிவிட்டு மாலையே மொனராகலை, வெல்லவாய வழியாக பஸ்ஸில் வீடு வந்து சேர்கிறான். சுழியோடிகளின் கணக்கில் 300 மீட்டருக்கு மேல் உயரமான இடம். வெல்லவாயவிலிருந்து தியலும நீர்வீழ்ச்சியைத் தாண்டி ஏறும்போதே அந்த உயரம் கடந்துவிடும். ஹப்புத்தளைக்குப் போனால் 1,400 மீட்டருக்கு மேல். உடலில் கரைந்திருக்கும் நைதரசன் அங்கே குமிழாகி மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளியையே இதற்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்: ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், பல முழுக்குகள் என்றால் 18. “அப்ப லீவுல ஒரு நாள் போயிருமே” என்றான். போகட்டும், கடைசி நாள் இறங்காமல் அடுத்த நாள் காலை பஸ்ஸில் வா என்றேன்.